தூரம் சொல்லும் பைனாகுலர்

என் கணவருக்கு ஐம்பது வயது கடந்த பிறகு மான் வேட்டையில் ஆசை வந்தது. அந்த வயதில் சில ஆண்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வரும், சிலருக்கு ஊர்ச் சங்கத்தின் தலைவராகும் ஆசை வரும். அவற்றோடு ஒப்பிட்டால் மான் பரவாயில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். சங்கத் தலைவரின் மனைவி பட்டுச்சேலை கட்டி மேடையேறிக் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். வேட்டைக்காரரின் மனைவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவர் மிசிசாகாவில் ட்ரக்குகள் நிறுத்தும் ஒரு யார்டிலிருந்து ட்ரெயிலர் ட்ரக் ஓடிக்கொண்டிருந்தார். அந்த யார்டில் சாப்பாட்டு நேரத்தில் நான்கைந்து பேர் ஒரு மேசையில் கூடி மானைப் பற்றியே கதைப்பார்களாம். வடக்கே காட்டுக்குள் அவர்களுக்கு ஒரு மரவீடு இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரும் அங்கே போய்த் தங்குவார்கள். என் கணவர் என் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் அந்த மேசையில் பங்கு போட்டுக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். பிறகு வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், துப்பாக்கிக்கும் வேட்டைக்கும் அனுமதி எடுத்தார். எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் படித்ததைவிடக் கவனமாகப் படித்தார் என்று சொன்னால் பிள்ளைகள் கோபிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான்.

முதல் வருடம் அவரைத் துப்பாக்கி இல்லாமல்தான் கூட்டிப்போனார்கள். பற்றைப் புதருக்குள் சத்தம் போட்டு நடந்து மானை வெளியே விரட்டுவதுதான் வேலை. மூக்கொழுகும் தடிமனோடும் பேரானந்தத்தோடும் திரும்பி வந்தார். அடுத்த நவம்பர் அவர் கையில் துப்பாக்கி இருக்கும் என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கூட்டத்தின் தலைவர் கண்டிப்பானவர். அவர்கள் காத்திருக்கும் இடம், மின்சாரக் கம்பிகள் போவதற்காகக் காட்டை வெட்டித் திறந்த நீண்ட வெட்டைவெளி. அதில் தூரத்தைக் கண்மட்டத்துக்கு, குத்துமதிப்பாகச் சொன்னால் பிழையாகும், மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். ஆகவே தூரம் அளக்கும் பைனாகுலர் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், தூரத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் சுட வேண்டும் என்பது அவருடைய சட்டம். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கணவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சீனி உள்ளவர்கள் வருடா வருடம் கண்ணைக் காட்ட வேண்டும். அவர் காட்டுவதில்லை. கண் டொக்டரின் இடத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டார். நான் எடுத்து நாள் குறித்துக்கொடுத்தால், அந்த நாளில்தான் மொன்றியலுக்கு லோட் வரும். காரணம் எனக்குத் தெரியும். கண்ணில் குறை இருக்கிறதென்று டொக்டர் எழுதிப்போட்டால் பெரிய லைசன்ஸ் போய்விடும், ட்ரக் ஓட முடியாது. அவருக்கு அந்தப் பயம். எனக்கோ கண்ணைப் பற்றித்தான் பயம். நான் வங்கியில் கவுண்டரில் நிற்பவள். சீனியால் பார்வை போனவர்கள் வருவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் அவர்களின் விரலைப் பிடித்து வைக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு விரலைப் பிடிக்கும்போதும் எனக்கு வீட்டு ஞாபகம் வரும்.

புரட்டாதியில் சுட்டுப் பழகப் போய், ஒன்றும் இலக்கில் படவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"துவக்கிலை பூட்டியிருக்கிற ஸ்கோப் சரியில்லை," என்றார்.

"ஸ்கோப்பையோ கண்ணையோ காட்டவேணும்?" என்று கேட்டேன்.

"உமக்கு எப்ப பாத்தாலும் உந்தக் கதைதான்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சண்டை பிடிக்க முடியாத இடமென்றால் எங்கள் வீட்டில் அது குளியலறைதான்.

அதன் பிறகுதான் கடை கடையாக ஏறி இறங்கும் படலம் தொடங்கியது. எங்கள் ஆட்கள் ஒரு சாமான் வாங்குவதென்றால் சும்மா வாங்குவதில்லை. மச்சான்மாரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கிழமைக்கு மாநாடு நடந்தது. அந்தக் குழுவில் ஒருவர்கூட வாழ்க்கையில் ஒரு முயலைத்தானும் துரத்தியவர் இல்லை. ஆனாலும் ஆளுக்கொரு பைனாகுலரைப் பரிந்துரைத்தார்கள். மானைப் பற்றி உண்மையிலேயே தெரிந்த ஒரே ஆள், அஜக்ஸில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் எங்கள் முஸ்லிம் நண்பர். அதே வேட்டைக் கூட்டத்தில் அவரும் இருக்கிறார். அவர் என் கணவருக்குத் தனியே ஒரு வரிதான் எழுதினார்: "கையிலை பிடிச்சுப் பாக்காமல் வாங்காதேங்கோ அண்ணை."

நானும் கூடப் போனேன். தனியே விட்டால் கூடாரமும் படகும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். முதல் கடை நகரத்துக்கு வடக்கே, வாசலில் பஞ்சடைத்த கரடியொன்று இரண்டு காலில் நின்றது. தாடிக்காரர் ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பத்து மடங்கு பெரிதாக்கினால் கையின் நடுக்கமும் பத்து மடங்கு, எட்டு மடங்கென்றால் படம் ஆடாமல் நிற்கும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தூரம், பளபளக்கும் தகரத்துக்கு உரியது. மானின் தோல் ஒளியைத் திருப்பி அனுப்பாது, அதனால் மானுக்கு அதில் பாதியைக்கூட நம்பக்கூடாது. முன்னால் கிளை நின்றால் சில பைனாகுலர் கிளைக்கான தூரத்தைச் சொல்லும், சிலது பின்னால் நிற்பதன் தூரத்தைச் சொல்லும். வேட்டைக்காரருக்குப் பின்னால் நிற்பதுதான் வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சுடுவதென்றால் சரிவையும் கழித்துச் சொல்லும் வகை வாங்க வேண்டும். மீற்றரா யார்டா என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் காட்டில் எல்லாரும் தூரத்தை யார்ட் கணக்கில்தான் கத்துவார்கள்.

எனக்கே ஆசை வந்துவிட்டது. ஒன்றை எடுத்து யன்னலால் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் டோனட் கடைப் பலகையில் ஒரு காகம் இருந்தது. அதன் கழுத்து இறகு காற்றில் பிரிவது தெரிந்தது. பொத்தானை அமத்தியதும் சிவப்பாக ஒரு எண் எரிந்தது. எத்தனை வருடம் அந்தக் காகத்தை மாதிரி எத்தனை காகத்தைக் கடந்து வேலைக்கு ஓடியிருப்பேன், ஒன்றையும் இப்படிப் பார்த்ததில்லை.

என் கணவர் பார்த்தார். "உதிலை ஒண்டும் எரியேல்லையே," என்றார்.

தாடிக்காரர் பற்றரி மாற்றினார். எரியவில்லை. வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் எரியவில்லை. வெயிற்கண்ணாடி போட்டிருந்தால் சிலவேளை எழுத்து மறையும் என்று சொன்னார். கழற்றினார், எரியவில்லை. கண் வைக்கும் இடத்து வளையத்தைத் திருகச் சொன்னார், ரப்பரை மடிக்கச் சொன்னார். என் கணவர் திருகினார், மடித்தார், கடைசியில் சாமான் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த கடையிலும் அதே தீர்ப்பு. அதற்கடுத்த கடைக்குப் போனபோது என் பொறுமை தீர்ந்து, விற்பனைக்கு வைத்திருந்த மடக்குக் கதிரையில் இருந்து பைக்குள்ளிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் சீனாச் சாமான்," என்றார் என்னிடம்.

"நீங்கள் போட்டிருக்கிற சப்பாத்தும் சீனாதான். அது நடக்குதுதானே?"

அந்த மூன்றாவது கடையில்தான் அதிசயம் நடந்தது. ஒரு எட்டு மடங்கை எடுத்துக் கண்ணில் வைத்தார், வாசலுக்கு வெளியே எதையோ குறி பார்த்தார், பொத்தானை அமத்தினார், "நூத்தி இருபது," என்றார் சத்தமாக. கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு நூற்றுப் பதினேழு என்றார், கை கொஞ்சம் அசைந்திருக்கும், நல்ல கண் என்று பாராட்டினார். என் கணவரின் முகத்தில் முதல் பரிசு வாங்கிய வெளிச்சம். அந்த இடத்திலேயே வாங்கிவிட்டோம். எனக்கும் அன்றைக்கு நிம்மதி. கண்ணுக்கு ஒன்றுமில்லை, முதல் இரண்டு கடைகளின் சாமான்தான் பிழை என்று நானும் சந்தோஷமாக நம்பினேன்.

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வரும். கார் போயிருக்கிறது, ட்ரக் போயிருக்கிறது, பிள்ளைகளின் கடவுச்சீட்டு போயிருக்கிறது. பைனாகுலரும் போனது. அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் கறுப்பாக அது கிடந்ததை ஐயர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"தூரம் பாக்கிற சாமான் ஐயா," என்றார் என் கணவர். மான் விஷயத்தைச் சொல்லவில்லை.

முன்பக்கத்தில் இரண்டு பெரிய வட்டக் கண்ணாடி, அவற்றுக்கு நடுவில் சற்று மேலே சின்னதாக மூன்றாவது ஒன்று. பார்க்க ஒரு முகம்தான். ஐயருக்கு எங்கே பொட்டு வைப்பது என்பதில் சந்தேகமே வரவில்லை. மூன்றாவதின் மேல் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமத்தை வைத்துத் தந்தார். நாங்கள் பக்தியோடு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வரும் வழியில் நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன். மான் சீசனும் கந்தசஷ்டி விரதமும் கிட்டக்கிட்ட வருகிறது, ஆகவே மான் வந்தால் கராஜ் ஃபிரீசருக்குத்தான் போக வேண்டும், சூரன்போர் முடியும்வரை அதன் கதையே வீட்டுக்குள் எடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். பாட்டுப் பாடிக்கொண்டு கார் ஓடினார்.

கதையை இழுத்துப் பயங்காட்டுவது எனக்குப் பிடிக்காது, அதனால் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். இடது கண் தப்பியது. அதன் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கியிருந்த நேரத்தில் பிடித்துவிட்டார்கள், ஊசியும் லேசரும் போட்டார்கள். வலது கண் தப்பவில்லை. பெரிய லைசன்ஸும் தப்பவில்லை. இப்போது அதே யார்டில் மேசைக்குப் பின்னால் இருந்து மற்ற ட்ரைவர்மாரை எங்கே போக வேண்டும் என்று அதட்டுகிறார். அந்த வேலையை ரசித்துச் செய்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது, கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் வெளியே வந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு அப்பால், வேலியைத் தாண்டினால், மின்கம்பிகள் போகும் புல்வெளி. பெரிய இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்கும். தூரம் அளந்து பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. அஜக்ஸ் நண்பரும் வந்திருந்தார். நான் தேத்தண்ணீரும் வாழைப்பழ வாய்ப்பனும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நண்பர் பைனாகுலரை வாங்கிக் கோபுரத்தைக் குறி பார்த்தார்.

"அண்ணை, நம்பர் வரேல்லை. மூண்டு கோடுதான் காட்டுது."

"நான் முந்தியே சொன்னனான், உந்தச் சாமான் ஒண்டும் காட்டாது எண்டு," என்றார் என் கணவர். அதை வாங்கியவர் தான்தான் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டார்.

"இல்லை அண்ணை, கோடு காட்டுது. எரியுது, ஆனால் அளக்குதில்லை."

"கோடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் பாத்தனான்."

நண்பர் பைனாகுலரைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்து தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. சந்தனம் காய்ந்து, குங்குமத்தோடு, அசையாமல் அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, லேசர் உதுக்குள்ளாலைதான் வெளியிலை போறது. நீங்கள் பொட்டு வச்சு அடைச்சிட்டியள். அக்கா, காது துடைக்கிற பஞ்சுக்குச்சி ஒண்டு கொண்டுவாங்கோ."

மூவரும் சிரித்தோம். நான் ஈரப்பஞ்சால் துடைத்தேன். நண்பர் கோபுரத்தைப் பார்த்து, "நூத்தி நாப்பத்திமூண்டு," என்றார். நான் பார்த்தேன், சிவப்பாக அதே எண். என் கணவர் பார்த்தார்.

"ஓம் ஓம், இப்ப சரி. நூத்தி நாப்பத்திமூண்டு."

"அடுத்த கோபுரத்தைப் பாருங்கோ," என்றார் நண்பர்.

அவர் பார்த்தார், பொத்தானை அமத்தினார். "முன்னூறு."

நண்பர் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்புக் குறைந்தது. "அண்ணை, இருநூத்தி அறுபதுக்குக் கிட்ட வருது. கை ஆடியிருக்கும்." என் பக்கம் பார்க்காமல் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பற்றரி, வெயிற்கண்ணாடி, வளையம், ரப்பர். ட்ரக்காரருக்குத் தூரத்தைக் கண்மட்டத்தில் சொல்வது பெரிய வித்தையில்லை, மூன்றாவது கடையில் அவர் கண்மட்டத்துக்குத்தான் சொல்லியிருக்கிறார். மேசையில் கிடந்த விளக்கப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். படத்தோடு போட்டிருந்தது. எண் இரண்டு குழாயிலும் எரிவதில்லை. வலது குழாயில் மட்டும்தான்.

எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் முதல் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது பக்கத்துப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் என் உள்ளங்கையை வைத்து முழுவதுமாக மூடினேன். யாராக இருந்தாலும் திடுக்கிட்டு, என்ன விசர் வேலை செய்யிறீர் என்று கத்துவார்கள். கத்தட்டும் என்று நின்றேன். கத்துங்கோ, ஒருக்கால் கத்துங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அணில் ஒண்டு கீழாலை ஏறுது," என்றார் அவர். "வடிவாத் தெரியுது. நூத்தி நாப்பத்திரண்டு."

நண்பர் என் கையைப் பார்த்தார். பிறகு கோப்பையோடு எழும்பி வேலியடிக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ," என்றேன். "உங்கடை வலக்கண்ணை நான் பொத்திக்கொண்டு நிக்கிறன்."

அவர் பைனாகுலரை இறக்கவில்லை.

"எப்ப பொத்தினனீர்?"

"அதை நானெல்லோ கேக்கவேணும். எப்ப துவங்கினது?"

"வைகாசியிலை கடையளுக்கு மாம்பழப் பெட்டி வந்த நேரம்," என்றார். "முதலிலை பனிப்புகார் மூடின மாதிரி இருந்தது. போயிடும் எண்டு நினைச்சன். இப்ப வெளிச்சம் மட்டும்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பைனாகுலரைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்திருப்பேன். கோடை முழுவதும், இலை கொட்டத் தொடங்கிய பிறகும், ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் ஓடியிருக்கிறார். பக்கத்தில் எத்தனை கார், எத்தனை பிள்ளைகள். வீட்டுக்கு வந்து என் முன்னால் இருந்து சாப்பிட்டிருக்கிறார். கோபத்தோடு கோபமாக அழுகையும் வந்தது. மறைக்கவில்லை, அழுதேன்.

"பயமாக் கிடந்தது," என்றார் அவர், இன்னும் கோபுரத்தின் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு. "ட்ரக்கை விட்டா நான் என்ன செய்யிறது? எனக்கு வேறை என்ன தெரியும்?"

"மற்றக் கண்ணும் போனா என்ன செய்வியள்? என்னை எதாலை பாப்பியள்?"

பைனாகுலரை இறக்கினார். இரண்டு கண்ணைச் சுற்றியும் ரப்பர் அமத்திய வட்டம் சிவப்பாக இருந்தது. அதைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் தந்தார். நான் போனை எடுத்துக் கண் டொக்டரின் இடத்து இலக்கத்தை அமத்தினேன். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. பதிவுக் குரல் திங்கட்கிழமை காலை திறப்போம் என்று சொன்னது. அவருக்கும் அது கேட்டது. மொன்றியல் லோட் என்று தொடங்குவார் என்று எதிர்பார்த்து, அதற்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் வாயில் தயாராக வைத்திருந்தேன்.

"திங்கக்கிழமை நீர் காரை ஓடும்," என்றார். "நான் பக்கத்திலை இருக்கிறன்."